கைராசிக்காரர்

தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு மின்சாரம் புதிதல்ல. பாபநாசத்துத் தண்ணீரின் வேகத்தை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஆர்வி மில் வந்தது 19ஆம் நூற்றாண்டிலேயே. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பிடிக்கப் பணகுடிப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. முதல் உலையின் மின்சாரம் 2013 அக்டோபரில் வெளியே வந்தது. தண்ணீர், காற்று, அணு மூன்றும் ஒன்றுகூடி முயன்றாலும் ஒரு புதுக் கம்ப்யூட்டரை எழுப்ப முடியாதபடி செய்துகாட்டும் வல்லமை இந்த வட்டாரத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் தெரு அண்ணாச்சி.

பெயரைச் சொல்ல மாட்டேன்; புகழுக்கு ஆசைப்படாதவர். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதைக் கோத்துத் தருவது அவர் கைதான். காசு வாங்க மாட்டார். காபி மட்டும், அதையும் எண்ணிக்கை பார்த்துக் குடிக்கும் அற்பத்தனம் அவரிடம் கிடையாது. தங்கை மகன் படிப்புக்கென்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து தனித்தனிச் சாமானாக வரவழைத்தோம். கூரியர் பெட்டிகளைப் பிரிக்கக் கத்தி எடுத்து வருவதற்குள் அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் முதலில் வியக்க வேண்டியது தன்னம்பிக்கை. மதர்போர்டு பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. மருமகன் அதைப் புரட்டப் போனான். அண்ணாச்சி வாங்கி மூடி, அதன்மேல் காபி டம்ளரை வைத்தார்.

“ஏல, புஸ்தகத்தப் பாத்துக் கொழம்பு வைக்கிற வீட்டுல நீ கை நனைப்பியால?”

அன்று முழுவதும் அந்தப் புத்தகம் டம்ளருக்குக் கீழேயே இருந்தது. எங்கள் மேசையில் ஒரு கறை விழவில்லை. கம்பெனிக்காரன் அச்சடித்த செலவுக்கு இவ்வளவாவது பலன் கிடைத்ததே.

அடுத்தது சிக்கனம். போர்டு கேபினெட்டின் தகட்டில் படாமல் நிற்க அடியில் பித்தளைக் குமிழ்களை முடுக்குவார்கள். ஓட்டைக்கு ஒன்றாக அவை சரியாக அமையாவிட்டால் போர்டின் அடிப்பக்கம் தகட்டைத் தொட்டு ஷார்ட் ஆகலாம். அண்ணாச்சி வேலையை முடித்தபோது குமிழ் இரண்டு, ஸ்க்ரூ மூன்று மிச்சம். “கம்பெனிக்காரன் எப்பவும் கூடத்தாம்ல போடுவான்” என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதையும் வீணாக்காத மனிதர்.

பிறகு கேபினெட்டின் நெற்றியிலிருந்த பெரிய பொத்தானை அழுத்தினார். காற்றாடி அசையவில்லை. கண்ணாடிக்குள் ஏழு வண்ணம் காட்டுவதாகச் சொன்ன விளக்குகள் ஒரு வண்ணமும் காட்டவில்லை. மின்கட்டணத்தைப் பற்றிய எங்கள் வீட்டுக் கவலை அந்த நொடியில் தீர்ந்தது.

இங்கே கொஞ்சம் உள்விஷயம் சொல்ல வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் பொத்தானே நேராகக் கரண்டை விடும், வெட்டும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் முறையில் அது மாறிப்போனது. இப்போது பொத்தான் போர்டிடம் மனுக் கொடுப்பதோடு சரி. கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியிலிருந்து வரும் 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னை போர்டு கிரவுண்டோடு சேர்த்தால்தான் முழு சப்ளை வரும். அதுவரை 5 வோல்ட் மட்டும் காத்திருக்கும். அந்த 5 வோல்ட் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக எங்கள் போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிளக்கில் கரண்ட் உண்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் போட்டிருக்கிறது, சப்ளை போர்டு வரை வருகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. சாதாரண மெக்கானிக் என்றால் அதைப் பார்த்ததும் பொத்தானிலிருந்து வரும் வயரைத்தான் முதலில் தேடியிருப்பான். அண்ணாச்சி இப்படிப்பட்ட சில்லறை வெளிச்சத்துக்கெல்லாம் மயங்குகிறவர் இல்லை.

“லோ வோல்டேஜ்” என்றார். டியூப்லைட்டும் மிக்சியும் அதை மறுத்தன. “அப்பம் எஸ்.எம்.பி.எஸ் போச்சு” என்றார். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரின் பின்னையும் கறுப்பு வயரின் பின்னையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அண்ணாச்சிக்கு இது தெரியும். கிளிப்பையும் வளைத்துவிட்டார். ஆனால் இப்போது வரும் பல எஸ்.எம்.பி.எஸ்களில் எல்லா வயரும் கறுப்புதான். வெகுநேரம் பச்சையைத் தேடிவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “பச்ச வயரே இல்லாம அனுப்பிருக்காம்ல. டூப்ளிகேட்டு.” எந்த இடத்தில் எந்தப் பின் என்று படம் போட்ட பக்கம் டம்ளருக்குக் கீழே இருந்தது.

புது எஸ்.எம்.பி.எஸ் வந்தது. கம்ப்யூட்டர் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு புது ராம் வந்தது. ராமில் கோளாறு என்றால் பெரும்பாலும் காற்றாடி சுற்றும், திரைதான் வராது. இருந்தாலும் அண்ணாச்சி கேட்டுவிட்டார், இல்லை என்று சொல்ல மனம் வருமா? அதற்கும் அசையாதபோது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தைக் கையில் எடுத்தார். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கிக் கிடந்த வெள்ளமாயிற்றே, அதில் நனைந்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். சரக்கு வந்தது சென்னையிலிருந்து. பெட்டியில் அச்சிட்டிருந்ததோ வெள்ளம் வடிந்து வெகுகாலம் கழிந்த தேதி. தேதிக்குக் கட்டுப்பட்டதா ஞானம்?

அவ்வளவு துணிச்சல் இல்லாத கோழைகள் இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறார்கள். 24 பின் கனெக்டரை ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துவார்கள். புராசஸருக்குப் பக்கத்தில் செருகும் தனி 8 பின் வயரை மறந்தோமா என்று பார்ப்பார்கள். போர்டைக் கழற்றி, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே கிடத்தி, புராசஸர், அதன் காற்றாடி, ஒரே ஒரு ராம் இவ்வளவோடு நிறுத்தி, பொத்தானுக்குரிய இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுவார்கள். காற்றாடி சுற்றினால் போர்டு நல்லது, கோளாறு கேபினெட் பக்கம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ அண்ணாச்சி இதை மதிப்பதில்லை.

கடைசியில் “போர்டு டெட்” என்று அறிவித்தார். வாரண்டியில் மாற்றிவிடலாம் என்று, பில் எங்கே போட்டது என்பதையெல்லாம் யோசிக்காமல், ஜங்ஷன் பக்கம் அவருக்குத் தெரிந்த கடைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்த பையன் முதலில் கேட்டது புத்தகத்தை. அட்டையில் வட்டக் கறையோடு கொடுத்தேன். புரட்டினான், போர்டின் கீழ்மூலையில் இருக்கும் பொடிப் பின்களைக் குனிந்து பார்த்தான். அங்கே மொத்தம் 9 பின். பவர் பொத்தானுக்கு 6, 8. அதற்கு நேர் எதிரே 5, 7 ரீசெட் பொத்தானுக்கு. பையன் பெரிய பொத்தானைத் தொடவே இல்லை. கீழே இருந்த கடுகளவு ரீசெட் பொத்தானை நகத்தால் அழுத்தினான். காற்றாடிகள் சுற்றின, ஏழு வண்ணமும் வந்தது.

அண்ணாச்சி அசரவில்லை. இரண்டு வயரையும் இடம் மாற்றப் பையன் கையை நீட்டியபோது தடுத்துவிட்டார். “ஓடுதத ஏம்ல தொடுதே? அது வேணும்னே போட்டது. களவாணிப் பய வந்தாம்னா பெரிய பொத்தானத்தான அமுக்குவான்?” பையன் என்னைப் பார்த்தான். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு குமிழையும் மூன்று ஸ்க்ரூவையும் எடுத்து, தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவரைப் போலக் கவுண்டரில் வைத்தார். பையன் அவற்றை மட்டும் முடுக்கிக் கொடுத்தான்.

இன்றும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பச் சின்னப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அணைக்க நினைத்துப் பெரியதை அழுத்தினால் அணையாது. அடித்துக்கொண்டிருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். வயரை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்று மருமகன் சொல்கிறான். அண்ணாச்சியின் மனம் நோகும்படி அதைச் செய்ய எங்கள் வீட்டில் யாருக்கும் மனமில்லை.

உங்கள் வீட்டிலும் புதுக் கம்ப்யூட்டர் கோக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள். அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறார். எஸ்.எம்.பி.எஸ் ஒன்றும் ராம் ஒன்றும் எங்கள் கட்டிலுக்கு அடியில் உபரியாகக் கிடக்கின்றன, இரண்டும் நல்ல நிலையில். பாதி விலைக்குத் தருகிறேன். உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.