ரத்தம் அடுக்கிய பரோட்டா

மாப்பிள்ளையூரணிக்காரர் பத்து நாள் காய்ச்சலோடு தூத்துக்குடி லேப்புக்குப் போனால், பட்டியலில் இ.எஸ்.ஆர். இருக்கும். குழாயில் விட்ட ரத்தத்தில் சிவப்பணு ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியது என்ற கணக்கு. இதை வைத்து வைத்தியர்கள் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

ஐரோப்பாவில் ரத்தம் இறக்குவதே வைத்தியமாக இருந்த காலம். கிண்ணத்தில் உறைந்த ரத்தத்தின் மேல் வெளுத்த ஏடு படிந்தால் 'உள்ளே அழற்சி' என்று இன்னும் கொஞ்சம் இறக்குவார்கள். ரத்தம் குறையக் குறையச் சோகை. சோகை வந்தால் அணுக்கள் இன்னும் வேகமாக இறங்கும், ஏடு தடிக்கும். பார்த்தீர்களா, அழற்சி முற்றிவிட்டது, எடு கத்தியை! நோயாளி போய்ச் சேரும்வரை வைத்தியர் சொன்னது பலித்துக்கொண்டே இருந்தது.

1897இல் வார்சாவில் எட்மண்ட் பியெர்நாட்ஸ்கி இந்த இறங்கும் வேகத்தை ஒழுங்காக அளந்து எழுதினார். பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1918இல் ஸ்வீடனின் ராபின் ஃபாரேயஸ், கர்ப்பிணிகளின் ரத்தம் விரைந்து இறங்குவதைக் கண்டு, கர்ப்பம் அறிய வழி கிடைத்தது என்று மகிழ்ந்தார். நோயுற்ற ஆண்களின் ரத்தமும் அதே வேகத்தில் இறங்கித் தொலைத்தது. ஆம்பிளைக்கு வளைகாப்பு நடத்தவா முடியும்? 1921இல் வெஸ்டர்கிரன் அதைக் காசநோய்ப் பக்கம் திருப்பினார். அவர் குழாய்தான் இன்றும் லேப்பில் நிற்கிறது.

சூட்சுமம் நம்மூர் நைட் கிளப் பரோட்டாக் கடையிலேயே இருக்கிறது. அழற்சி வந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ரத்தத்தில் கூடும். அதனால் தட்டையான சிவப்பணுக்கள் பரோட்டாபோல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். அடுக்கு கனம், சீக்கிரம் இறங்கும்.

பரோட்டாவே கோணலாக இருந்தால்? 1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு மரபைக் கண்டார்கள். ஹீமோகுளோபினுக்கான எச்.பி.பி. மரபணுவில் ஓரெழுத்து மாற்றம். பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்துசேர்ந்தவருக்கு அணுக்கள் அரிவாளாய் வளையும், அடுக்க வராது. உடம்பு ரணமாய் வலித்தாலும் இ.எஸ்.ஆர். 'எனக்கென்ன தெரியும்' என்று தாழ்ந்தே நிற்கும்.

இத்தாலியின் சார்டீனியாத் தீவில் ஆயிரக்கணக்கானோரின் இ.எஸ்.ஆரையும் மரபணுக்களையும் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டபோதும் அதே எச்.பி.பி. தலைகாட்டியது, கூடவே சி.ஆர்.1 மரபணுவும். சிலருக்கு இந்த எண் கூடுவதும் குறைவதும் ஓரளவு பாட்டன் சொத்து. இந்தச் சி.ஆர்.1 உண்டாக்குவது, சிவப்பணுவின் மேல்தோலில் துருத்தி நிற்கும் புரதம். மூளைவரை தாக்கும் ஃபால்சிபாரம் மலேரியாக் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் வித்தையை, குழாயும் இல்லாமல் கட்டுரையும் எழுதாமல், என்றைக்கோ கற்றுவைத்திருந்தது.