கொரோலாவில் வந்த கோடீஸ்வரர்

ஊரார் பணத்தை செல்போனுக்குள் பூட்டி வைக்கிற ஆள் யோக்கியனா என்று எடைபோட உலகம் ஒரு வழி வைத்திருந்தது: தலைமுடியைப் பார்ப்பது.

2019-ல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையைத் திறந்த சாம் பேங்க்மன்-ஃபிரீடுக்கு எண்ணெய் காணாத சுருட்டை முடி. அரை டவுசர், கசங்கிய பனியன். இவ்வளவு அலங்கோலமாக வருகிறவன் திருடவா போகிறான் என்று அமெரிக்கா முடிவு கட்டியது. காவி மட்டும்தான் பாக்கி. அந்த முடிக்கு மார்க்கெட் உண்டு என்று சாமே நம்பியதை, முன்னாள் காதலி கரோலின் எலிசன் பிற்பாடு கோர்ட்டில் சொன்னார். சொகுசுக் காரை விட்டுவிட்டு டொயோட்டா கொரோலாவுக்கு மாறியதும் இமேஜுக்காகத்தானாம். குடியிருந்தது பஹாமாஸ் பென்ட்ஹவுஸில். அது யார் கண்ணிலும் உறுத்தவில்லை.

செக்கோயா கேப்பிட்டல் பழம் தின்று கொட்டை போட்ட முதலீட்டு நிறுவனம். அவர்களிடம் வீடியோ காலில் பணம் கேட்ட நேரம் முழுக்க சாம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார். தெரிந்தபோது கோபப்பட்டார்களா? தங்கள் இணையதளத்திலேயே பெருமையாக எழுதி வைத்தார்கள். கொடுத்த பணம் 21 கோடி டாலருக்கு மேல்.

எஃப்டிஎக்ஸில் ஆபத்துக் காலத்துக்கு ‘இன்சூரன்ஸ் நிதி’ இருப்பதாக ஊரறிய ஒரு தொகையும் காட்டினார்கள். அது தினமும் கொஞ்சம் வளரும். வளர்ந்த ரகசியத்தைக் கூட்டாளி கேரி வாங் சாட்சிக்கூண்டில் உடைத்தார்: அன்றைய வியாபாரத்தை 7500-க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு எண்ணால் பெருக்கு, நூறு கோடியால் வகு, கூட்டிக்கொள். பொய்க்கே இவ்வளவு கணக்குப் போட்டவர்கள்! சாமின் இன்னொரு கடையான அலமீடாவுக்கு மட்டும் எஃப்டிஎக்ஸ் கணக்கில் சைபருக்குக் கீழே, அதாவது ஊரார் பணத்துக்குள்ளேயே, போகலாம் என்று சலுகை. கடன் வரம்பு 6500 கோடி டாலர்.

எஃப்டிஎக்ஸின் ஆடிட்டர்களில் ஒரு நிறுவனம், மெட்டாவெர்ஸில் தலைமையகம் திறந்ததாகப் பெருமையடித்தது. இல்லாத கட்டடம், இல்லாத பணம். பொருத்தம் அமோகம்.

2022 நவம்பரில், அலமீடாவின் சொத்தில் பெரும்பங்கு எஃப்டிஎக்ஸ் தானே அச்சடித்த டோக்கன் என்பதை காயின்டெஸ்க் போட்டு உடைத்தது. 7-ஆம் தேதி ‘எல்லாம் நலம்’ என்றார் சாம். 8-ஆம் தேதி பணம் எடுப்பது நின்றது. 11-ஆம் தேதி திவால். என்ரானுக்குக் கருமாதி செய்து பழகிய ஜான் ரே வந்து பெட்டியைத் திறந்தால், செலவுக்கெல்லாம் மேலதிகாரிகள் எமோஜி போட்டு அனுமதி தந்திருந்தார்கள். மோசடிக்காக சாமுக்கு 25 வருடம் சிறை கிடைத்தது.

இத்தனை பேரில் எஃப்டிஎக்ஸ் வேண்டாம் என்று கோடிக்கணக்கானோர் முன் சொன்னவர் நகைச்சுவை நடிகர் லாரி டேவிட். அதுவும் அவர்களுடைய விளம்பரத்திலேயே. 2022 சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே சக்கரம், மின்விளக்கு என எல்லாக் கண்டுபிடிப்பையும் உதறித் தள்ளும் முசுடாக வந்து, கடைசியில் எஃப்டிஎக்ஸையும் உதறினார். மறுப்பவன் மடையன் என்பது விளம்பரத்தின் கரு. நடிக்கச் சம்மதிக்கும் முன் விவரம் தெரிந்த நண்பர்களைக் கேட்டாராம். சுத்தமான இடம் என்றார்களாம். அப்புறம் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் அவர் மேலும் வழக்குப் போட்டார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை கிரிப்டோவாக வாங்கியிருந்தார், அதுவும் போச்சு.