தேயிலைக்கு லீவு கெடையாது

வாங்க மருமகப்புள்ள. த்ரீவீல நிப்பாட்டுனாலும் எஞ்சின மட்டும் நிப்பாட்டிடாதீங்க, பாட்டுக் கேக்கணும்ல! கரும்பொக தேயிலை மேலதான போவுது. அது என்ன இருமவா போவுது?

2022 டிசம்பர் ஞாபகம் இருக்கா? மாண்டஸ் பொயல் நேரத்துல இந்தியாப் பக்கத்துத் தூசிக்காத்து வந்து மூட்டம் போட்டுச்சே. 9ஆம் தேதி நாடு பூரா ஸ்கூலுக்கு லீவு. ஒங்க மாமி மூஞ்சியில முந்தானையச் சுத்திக்கிட்டா. தேயிலைக்கு யாரு லீவு குடுத்தா? அது பாட்டுக்குப் பெரட்டுல நின்னுச்சு.

ஒரு முத்தின எலையத் திருப்பிப் பாருங்க. தேயிலை மூச்சு விடுற ஓட்டையெல்லாம் அடிப்பக்கந்தான். கண்ணுக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுங்க, ஒங்களுக்குப் பழக்கந்தான். அந்த வழியாத்தான் கரியமில வாயு உள்ள போயி சாப்பாடு ஆவணும். வண்டிப் பொகையில வெயில் பட்டா உண்டாவுற ஓசோனும் அதே ஓட்டையிலதான் நொழையும். நொழஞ்சா பச்ச வெளுத்து, எல அகாலத்துல பழுத்து உதிரும். தொறந்தா நஞ்சு, மூடுனா பட்டினி. தோட்டத்து ஆளு சம்பளம் கேக்குற கததான். மேல்பக்கமாச்சும் தப்பிச்சுதான்னா, ரோட்டுத் தூசி படிஞ்சு வெயில மறைக்குது.

சவுக்கு மரத்துப் பட்டையில கல்பாசி இருக்கு பாருங்க. அதுக்கு வேரு கெடையாது. காத்துலயும் மழையிலயும் வர்றதுதான் சோறு. கந்தகப் பொக வந்தா மொதல்ல சாவுறது அதுதான். பட்டணத்துக் காத்து கெட்டா கல்பாசி இல்லாமப் போவுறத 1866லயே பாரிஸ்ல நைலாந்தர்ங்கிறவரு கண்டு எழுதி வச்சிட்டாரு. நீங்க அதச் சொரண்டி மரத்தச் சுத்தம் பண்றதாக் கேள்வி. நல்லது, சாட்சி இல்லாத கேஸு சீக்கிரம் முடியும்.

மேல ஹோர்ட்டன் சமவெளியில கீன மரமெல்லாம் நின்ன வாக்குல நுனியிலருந்து காயுது. படிச்சவங்க வறட்சியச் சொல்றாங்க, மண்ணச் சொல்றாங்க, காத்து அசுத்தத்தையும் சந்தேகப்படுறாங்க. ஒங்க த்ரீவீல இன்னும் யாரும் சந்தேகப்படல. தைரியமா இருங்க.

2014 அக்டோபர் 29ல நம்ம மீரியபெத்தையில மல எறங்கி லயத்த மூடுனப்ப மந்திரிமாரு வந்தாங்க, கேமரா வந்துச்சு. எல வெளுத்தா யாரு வருவா? கணக்கப்புள்ள வருவாரு, கிலோ கொறஞ்சிருச்சுன்னு அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேரு போட. ஒங்கம்மாவுக்கு அரைப்பேரு விழுந்தா இந்த வண்டிக்கு லீசிங் கட்டுறது யாரு?