கேடயமும் எண்ணெய்ப் போத்தலும்

நம் நாட்டுப் பாடநூல்கள் தைரொயிட்டுக்குக் கேடயச் சுரப்பி என்று வீரநாமம் சூட்டியிருந்தும், என் கழுத்தில் வீற்றிருக்கும் அக்கேடயம் தன் உத்தியோகத்தை மறந்து நித்திரை கொண்டுவிட்டமையால், வெள்ளவத்தைக் கடற்காற்று என் சீப்பிலிருந்து உதிர்ந்த கேசத்தைச் சுருள் சுருளாக உருட்டிக் கூடமெங்கும் ஊர்வலம் விடுவதை நாள்தோறும் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. புருவங்களின் வெளிக்கோடியும் ராஜினாமாச் செய்துவிட்டது.

வைத்தியர் தந்தது சின்னஞ்சிறு குளிசை. 1914-ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவில் கெண்டல் என்பவர் முதன்முதலாகப் பளிங்குருவில் பிரித்தெடுத்த தைரொக்சின். அதை வெறுவயிற்றில் விழுங்கிவிட்டு அரைமணி நேரமாவது தேநீரைத் தீண்டாதிருக்க வேண்டுமாம். அடுத்த வீட்டுத் தேயிலை வாசனை ஜன்னலால் வரும்போது, முனிவர்களின் தவம் எம்மாத்திரம் என்று தோன்றும்.

கொட்டாஞ்சேனைப் பெரியம்மாவுக்கோ இந்த விஞ்ஞானத்தில் விசுவாசமில்லை. செவ்வரத்தம்பூவும் கையாந்தகரையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பழைய ஜாம் போத்தலில் ஏந்தி வந்து, "இதைப் பூசு பிள்ளை, முழங்கால் மட்டும் வளரும்" என்றார். உச்சியில் தேய்த்த எண்ணெய் கழுத்துக்குள் உறங்குவதை எவ்வழியாகச் சென்று எழுப்பும் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. பூசினேன், குளிசையையும் விடவில்லை.

மயிர்வேர் விழிக்க மாதக்கணக்காகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தபடியே, ஆறாம் மாதம் நெற்றியோரம் கட்டைமயிர்கள் தலைகாட்டின. கீர்த்தி முழுவதும் எண்ணெய்க்கே சென்றது. ஜம்பட்டா வீதியில் பெரியம்மாவிடம் இப்போது ஏழு வீடுகள் போத்தல் கொடுத்துவைத்துக் காத்திருக்கின்றன. நான் இன்றும் காலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தேநீர்க் கோப்பையின் எதிரே அமர்ந்திருக்கிறேன்.