கல்லுக்கு ஒரு விலாசம்

கேள்வி: கட்டட வேலையில் தூணுக்குத் தூண் க்யூஆர் கோடு ஒட்டுகிறார்களே, கொத்தனாருக்கு என்ன லாபம்?
- வாசகர், தக்கலை

பதில்: கட்டியதை இடிக்க வேண்டாம், அதுதான் லாபம்! 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது இந்தக் கோடு. போனைக் காட்டினால் கடைசியாகத் திருத்திய பிளான், கான்கிரீட் போட்ட தேதி, 28-ஆம் நாள் க்யூப் டெஸ்ட் முடிவு எல்லாம் வரும். சூப்பர்வைசர் அன்றன்றைக்கு ஏற்றியிருந்தால்! பழைய பிளானைப் பார்த்துக் கம்பி கட்டும் கூத்து ஒழியும்.

இப்படிக் கணக்கு வைப்பது புதிதல்ல. குமரிக்கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கு 3,681 கற்கள். பல ஊர்ப் பட்டறைகளில் செதுக்கிப் பாறைக்குக் கொண்டுபோனார்கள். எந்தக் கல் எங்கே என்ற கணக்கு இல்லாமல் சிற்பி கணபதி ஸ்தபதி அதை எழுப்பியிருக்க முடியுமா?

க்யூஆர் கோடை வெறும் காகிதத்தில் அடிக்காமல் லேமினேட் செய்யச் சொல்லுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்கிற ஊர் நம்முடையது.