டெமோ பாத்துட்டுப் போங்கண்ணா

‘ஒரே நிமிஷம்ணா’ என்று அவன் வாசலில் நின்று கூப்பிட்டால், கையில் இருக்கும் பால் பாக்கெட்டை முதலில் வீட்டில் கொடுத்துவிட்டு வருவது நல்லது. அவனுடைய நிமிஷத்துக்குள் பால் திரிந்துவிடும்.

இப்படி ஒருத்தன் இல்லாத தெரு இல்லை. கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். அதற்காக ஸ்பீக்கர் வாங்குவான். அப்புறம் ஸ்பீக்கருக்காக விளையாடுவான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி வாய்த்தவனுக்குத் தெரு வைத்த பெயர் ‘சவுண்டு’. ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை, மாதத் தவணையில் எதையும் கொடுக்கத் தயாராக இருக்கும் கடைகள், வீட்டில் இன்னும் எடுக்காத கல்யாணப் பேச்சு. இந்த மூன்றும் ஒரே வீட்டில் கூடினால் சப்-வூஃபர் வந்தே தீரும்.

வந்ததைப் பற்றிக்கூட எனக்கு ஒன்றும் இல்லை. வாங்குவது ஒரு சந்தோஷம், விளையாடுவது ஒரு சந்தோஷம். ஆனால் அவனுக்கு இரண்டும் பெரிதில்லை. அடுத்தவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். டெமோ.

டெமோவுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. அறை நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸ் குறி. இரண்டு ஸ்பீக்கரும் உட்கார்ந்திருப்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டுமாம். புடவை அஞ்சரை மீட்டர் வருகிறதா என்று அவன் அப்பா பார்க்கிற டேப்பை வைத்து அளந்து போட்ட குறி. நாம் வசதிக்காக நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால், ‘ஐயோ, முக்கோணம் போச்சுண்ணா’ என்று நம்மோடு சேர்த்தே தூக்கிப் பழைய இடத்தில் வைப்பான். அடுத்து ஃபேனை அணைப்பான். ஓடினால் டீடெயில் கெடும். கதவைச் சாத்துவான். ஜன்னலையும் சாத்துவான். அக்னி நட்சத்திரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, வரதராஜர் கோயில் குடலை இட்லி எப்படி வேகிறது என்பது விளங்கிவிடும்.

எல்லாம் ஆன பிறகு அவன் திரையைப் பார்க்க மாட்டான். நம் முகத்தைப் பார்ப்பான். பரிசம் போட வந்த இடத்தில் பெண்ணின் தாய்மாமன் பார்ப்பானே, அப்படி. திரையில் ஒரு ஹெலிகாப்டர் வலமிருந்து இடமாகப் போகும். ‘இப்ப வரும் பாருங்க’ என்பான். வராது. ‘இப்ப இல்ல, இதுக்கு அடுத்து.’ பிறகு எங்கோ ஒரு பாலம் வெடிக்கும். நம் வேட்டி நுனி அசையும். அலமாரியில் அவன் அம்மா வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். உடனே நிறுத்திவிட்டுக் கேட்பான்: ‘எப்படிண்ணா?’

இங்கேதான் சிக்கல். ‘நல்லா இருக்குப்பா’ என்றால் போதாது. நமக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பாலத்தை மறுபடி வெடிப்பான். ‘நல்ல சத்தம்’ என்று சொன்னால் தொலைந்தோம். ‘சத்தம் இல்லண்ணா, இது டெப்த்’ என்று ஆரம்பித்து, கண்ணாடி உடையும் காட்சி ஒன்றை எடுப்பான். ‘எல்லாம் உடைஞ்சு முடிஞ்சப்புறம் கடைசியா ஒரு சில்லு இடது பக்கம் தனியா விழும், கேட்டீங்களா?’ ஒன்றும் கேட்டிருக்காது. கேட்டது என்று சொல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் தற்செயலாக விடையைக் கண்டுபிடித்தார். ‘பேஸ் டைட்டா இருக்குப்பா.’ அவ்வளவுதான். பையன் முகம் மலர்ந்து, கதவைத் திறந்து, ஃபேனையும் போட்டுவிட்டான். அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் விடை தெரு முழுக்கப் பரவியது. இப்போது பால்காரர் முதல் பாவு புணைக்க வருகிறவர் வரை உட்காரும்போதே ‘பேஸ் டைட்டா இருக்கு’ என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டினார். ‘எல்லாம் சரி தம்பி, ஹை கொஞ்சம் தூக்கலா இருக்கு’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி முழுக்க ட்ரெபிளைக் குறைப்பதும் கூட்டுவதுமாக இருந்தான். தூங்காதது அவன் மட்டும் இல்லை.

பெட்டியின் பூர்வீகம் பெரிய கதை, சுருக்கிவிடுகிறேன். முதலில் லோக்கலில் அசெம்பிள் செய்த செட். வெளியே ஸ்டிக்கரில் ‘3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று இருக்கும். உள்ளே ஒரே ஒரு 4440 ஐ.சி. உட்கார்ந்திருக்கும். பிரிட்ஜ் போட்டு முக்கினாலும் அது கொடுப்பது 19 வாட். மீதி வாட்ஸ் எல்லாம் ஸ்டிக்கரில் இருந்தது. பிறகு சென்னைக்கு ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 2.1. இப்போது இருப்பது லாஜிடெக் இசட் 623. நேர்மையான 200 வாட், அதில் 130 அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மட்டும். இந்த விலைக்குத் தாத்தா எத்தனை புடவை நெய்யணும் தெரியுமா என்று அவன் அம்மா அடுப்படியிலிருந்து கணக்குச் சொல்வாள். அவன் காதில் விழாது. அம்மாவின் குரல் மிட் ரேஞ்சில் வருகிறது; அவன் செட்டில் மிட் கொஞ்சம் வீக்.

பெட்டியை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதற்கும் முறை இருக்கிறதாம். சப்-வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட விட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எந்த மூலையில் தவழும்போது பேஸ் நன்றாகக் கேட்கிறதோ, அந்த மூலையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். உலகம் முழுக்க ஸ்பீக்கர் பைத்தியங்கள் செய்வதுதான், இவன் கண்டுபிடிப்பு இல்லை. வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை காதைத் தரையோரம் வைத்துக்கொண்டு தவழ்வதைப் பார்த்த பாட்டி, ‘எதைத்தான்டா தொலைச்சே?’ என்று கேட்டுவிட்டு, தானும் குனிந்து தேட ஆரம்பித்தாள்.

கடைசியில் இடம் கிடைத்தது. அந்த அறையில் முன்பு ஒரு தறி இருந்தது. குழித்தறி. அதைக் கழற்றிக் கொடுத்த பிறகு குழியில் மண்ணைப் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே மண் இறங்கிவிட்டது போல. கட்டைவிரலை மடக்கித் தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது. சரியாக அதன்மேல் வைத்திருக்கிறான். ‘கீழ ஹாலோண்ணா, பேஸ் ரவுண்டா எழும்புது. லட்ச ரூபா குடுத்தாலும் இப்படி ஒரு பாக்ஸ் செய்ய முடியாது.’ மூலையில் வைத்தால் பேஸ் கூடும் என்பது தெரிந்த விஷயம், குழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொல்லிப் பார்த்தேன். பாலத்தை வெடித்துக் காட்டினான்.

முன்கட்டில் இன்னொரு தறி இன்றைக்கும் ஓடுகிறது. தாத்தா கோர்வைப் புடவை நெய்கிறவர். உடம்புக்குத் தனி நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. வலது பக்கம் நாடா வாங்கித் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். சின்ன வயதில் பேரன்தான் அங்கே உட்கார்ந்து கோர்வை போட்டவன். ஆயுசு முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்த மனிதருக்குக் காது மந்தம். டெமோவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், வந்தாலும் கேட்காது. ஆனால் அவர் கால் இரண்டும் குழிக்குள் மிதிமேல் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே தரையின் நடுக்கம் அத்தனையும் அவருக்கு வருகிறது. ஒருநாள் நாடாவை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். ‘ஏம்பா, மூடுன குழியில யாரோ மிதிக்கிறாங்க. யாரு?’ பேரன் சப்-வூஃபர் என்று காதருகே கத்தினேன். கொஞ்சம் யோசித்தார். ‘நல்ல மிதி. ஆனா தாளம் இல்ல’ என்றார். இதுவரை அந்தப் பெட்டிக்கு வந்த விமர்சனங்களில் இதுதான் நேர்மையானது. சிலிண்டர்காரர்கூட இரண்டாவதுதான்.

இதுவரை சிரித்தேன். இனி என் கஷ்டத்தைச் சொல்கிறேன்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 28 அடி நீளம். அவன் அறை அகலம் 10 அடி. மீதி 18 அடி எங்கே போகும்? என் வீட்டுக்குத்தான் வருகிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உயர்ந்த சுருதியைச் சுவர் தடுத்துவிடும்; இந்த அடிக்குரல் சுவரைக் கண்டுகொள்வதே இல்லை. பேச்சு வராது, பாட்டு வராது, யார் யாரைச் சுட்டார்கள் என்ற கதையும் வராது. இடி மட்டும் வரும். ஒரு சினிமாவில் வசனம், கதாநாயகி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெடிகுண்டை மட்டும் ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போட்டுக் காட்டுகிறான். இது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் காதுக்குச் சரியாகப் பிடிபடாது. அவ்வளவு தாழ்ந்த ஒலியின் குணமே அது. என் மனைவிக்கு அது மொட்டை மாடித் தண்ணித் தொட்டியிலிருந்து வருவதாகத்தான் படுகிறது. டார்ச்சைக் கொடுத்து என்னை மேலே அனுப்புகிறாள். தொட்டி சும்மா இருக்கிறது.

சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல். இதைச் சொன்னதும் போனை எடுத்து ஒரு ஆப்பைத் திறந்து என் வீட்டுச் சுவரோரம் காட்டினான். ‘பாருங்கண்ணா, 43தான்.’ எண்ணைப் பார்த்து நானும் வாயடைத்துப் போனேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. விதியில் இருக்கும் டெசிபல் ‘ஏ’ என்ற கணக்கில் அளக்கப்படுவது. அந்தக் கணக்கு, மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி அவ்வளவாகக் கேட்காது என்று சொல்லி, 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் காட்டும். அதாவது என் கட்டில் ஆடும், மீட்டர் ஆடாது. காது கேட்கவில்லை என்று விதி சொல்கிறது. கேட்பது காது இல்லை, நெஞ்சு. நெஞ்சுக்கு விதியில் இடமில்லை. காலை ஆறரைக்கு வேலைக்குப் போகிறவன், பரீட்சைக்குப் படிக்கிற பெண், ரத்த அழுத்தக்காரர் எல்லாரும் இந்தத் தெருவில் இருக்கிறோம். அவன் நல்ல பையன்தான், சொன்னால் ‘சாரிண்ணா’ என்று உடனே குறைக்கிறான். மறுநாள் பதினொன்றரைக்கு மறுபடி பாலம்.

இத்தனையும் விளையாட்டில் ஜெயிப்பதற்கு என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். வாலொரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் மாதிரி ஆட்டங்களில் கேட்க வேண்டியது வெடியே இல்லை, எதிராளியின் காலடி. ஓடி வருகிறவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று அந்த மெல்லிய சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பரிசுப் போட்டிகளில் ஆடுகிறவர்கள் காதுக்குள் இயர்ஃபோனைச் செருகி, அதற்குமேல் பெரிய ஹெட்செட்டையும் மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். இவன் பெட்டி உறுமுகிற உறுமலில் காலடி எங்கே கேட்கும்? பின்னால் வந்து சுட்டுவிட்டுப் போகிறார்கள். செத்து விழும்போது மட்டும் பேஸ் டைட்டாக இருக்கிறது. ‘அப்ப ஹெட்போன் போட்டுக்கோயேம்பா’ என்று கேட்டேன், என் சுயநலத்தை மறைத்துக்கொண்டு. ‘ஹெட்போன்ல நெஞ்சுல அடிக்காதேண்ணா’ என்றான். என் நெஞ்சைப் பற்றி அவன் சொல்லவில்லை.

ஆனால் அவன் காதைக் குறை சொல்ல முடியாது. போன ஆடியில் தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்றினபோது வாடகைக்கு எடுத்த இரண்டு பெரிய பெட்டிகள். உடுக்கைப் பாட்டு போடுகிறார்கள், தகரத்தைச் சுரண்டுவது போல வருகிறது. மைக் செட்காரர் ஆம்ப்பில் என்னென்னவோ திருகிப் பார்த்தார். இவன் கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நின்றான். தலையைச் சாய்த்தான். சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியின் பின்னால் போய் பிளஸ்-மைனஸ் ஒயரை மாற்றிச் சொருகினான். ஒரு பெட்டி முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றின் பேஸை ஒன்று விழுங்கிவிட்டது. ஒயர் மாறியதும் உடுக்கை உடுக்கையாக அடித்தது. ஒரு கிழவிக்கு அந்த இடத்திலேயே அருள் வந்துவிட்டது. மைக் செட்காரர் அவன் தோளில் கைபோட்டு நம்பர் வாங்கிக்கொண்டார். தறியில் ஊடை எங்கே தளர்ந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்காமலே சொல்லுகிற குடும்பம், அந்தப் பிசிறு தெரிகிற புத்தி எங்கேயாவது போகத்தானே செய்யும்?

நாங்கள் பாராட்டினதுதான் வினையாகப் போயிற்று. இப்போது 2.1 போதவில்லை. லாஜிடெக்கிலேயே இசட் 906, 5.1, 500 வாட் என்று பேச்சு. அதில் இரண்டு ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் இருப்பது எங்கள் பொதுச்சுவர். நேற்று டேப்போடு வாசலில் வந்து நின்றான். பணிவாகத்தான் கேட்டான்.

‘செவுத்துல ரெண்டு ஸ்க்ரூ போடணும்ணா. ட்ரில்லிங் மெஷின் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கும். ஞாயித்துக்கிழமை நீங்க காமாட்சி கோயிலுக்குக் கிளம்புற நேரமாப் பாத்து அஞ்சே நிமிஷத்துல போட்டுக்கறேன், பரவால்லையா?’