அரிசிக்குக் காவல், காவலுக்குப் பசி

அறுபதுகளின் கடைசியில் காரியாபட்டி பக்கம் அரிசி என்பது கிட்டத்தட்ட கஞ்சா மாதிரி. மதுரை பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஏறினால் அவர் கண் நேரே சீட்டுக்கு அடியில் இருக்கும் பைக்குத்தான் போகும். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. மதுரை ஜில்லாவில் பெரியாற்றுப் பாசனம்; எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவில் குதிரைவாலி, கம்பு, சோளம், அதுவும் வானம் மனசு வைத்தால். அத்தை ஒருத்தி நாலு படி அரிசியை வயிற்றில் கட்டிக்கொண்டு, "மாசமா இருக்கேன் ஏட்டையா" என்பாள். மறு வருஷமும் அவளுக்கு அதே ஏழாம் மாசம். ஏட்டையாவுக்குத் தெரியாமலா? அவர் வீட்டு அடுப்பிலும் அன்றைக்குச் சோளக் கஞ்சிதான்.

1967 தேர்தலில் தி.மு.க.வினர் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள். ஜெயித்த பிறகு ரூபாய்க்கு ஒரு படி ஆனது, அதுவும் சென்னைக்கும் கோவைக்கும். எங்கள் ஊருக்குப் பேச்சு மட்டும் மூன்று படியும் குறையாமல் வந்து சேர்ந்தது.

பசிக்கும் போலீசுக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) ரிச்சர்ட் டெம்பிள் துரை நிவாரண வேலைக்கு வைத்த கூலியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோகூடத் தேறாது. ஜெயில் கைதிக்கு அதைவிடக் கூடுதலாகப் போட்டார்கள். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் இதைச் சொல்லி மல்லுக்கு நின்றார். ஜனங்களுக்குக் கமிஷனர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; எதையாவது திருடிவிட்டு ஜெயிலுக்குப் போனார்கள். மாகாணத்து ஜெயில்கள் நிரம்பி வழிந்தன. பிடித்துக்கொண்டு போன கான்ஸ்டபிளுக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கும்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து சும்மா. ஆனால் ரோட்டில் வண்டியை நிறுத்துவது மட்டும் மாறவில்லை. ரேஷன் அரிசி கேரளாவுக்கும் கோழிப் பண்ணைக்கும் மாவு மில்லுக்கும் போகிறதா என்று பார்க்க, குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் போலீசே இருக்கிறது. வழக்குப் போடுவது 1955-ல் வந்த அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில். அன்றைக்கு உள்ளே வரக் கூடாத அரிசி, இன்றைக்கு வெளியே போகக் கூடாது. முன்னேற்றம்தான்.

போலீஸ் குடும்பத்துக்குப் பாதி விலையில் சாமான் வாங்கத் தனிக் கார்டும் உண்டு. ஆக அரிசி இருக்கிறது. தின்பதற்குத்தான் நேரம் இல்லை.

செப்டம்பர் 11 பரமக்குடியில் நினைவு நாள் கூட்டம், அக்டோபர் 30 பசும்பொன்னில் குருபூஜைக் கூட்டம். இந்த வட்டாரத்து ரோடுகளெல்லாம் அப்போது காக்கியாக இருக்கும். ஒரு பந்தோபஸ்து நாளில், எந்த ஊர் என்று வேண்டாம், சீமைக்கருவேல நிழலில் நின்ற இளம் காவலரைப் பார்த்தேன். விடியற்காலை நாலு மணிக்கு வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஆள். மதியச் சாப்பாடு வந்தபோதும் மணி நாலு. பொட்டலத்தைப் பிரித்தார்: புளிசாதம், ஒரு முட்டை, ஊறுகாய் பாக்கெட். மோந்து பார்த்துவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை ஒரு வெள்ளாடு வந்து முகர்ந்துவிட்டுப் போனது. வெள்ளாடு!

அதற்குச் சற்று முன்னால்தான், "இந்தப் பக்கம் போகலாமா சார்?" என்று கேட்ட பைக் பையன் முதுகில் லத்தி விழுந்திருந்தது. காவலருக்கு டீக்கடைக்காரர் பன்னும் டீயும் கொடுத்தார். பத்து நிமிஷம் கழித்து வந்த அடுத்த பைக்குக்கு அதே காவலர், "தம்பி, ஹெல்மெட்டப் போட்டுட்டு, அங்கிட்டுச் சுத்திப் போப்பா" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. மாமூல் என்று நாம் திட்டுகிற மரத்துக்கு இப்படியும் ஒரு வேர் இருக்கிறது. எல்லா வேரும் இதுவே என்று நான் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு ஏட்டு ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் நேரம் தவறித் தின்றதில் சர்க்கரை. டாக்டர் சொன்னபடி குதிரைவாலி சாப்பிடுகிறார், அரிசியைவிட விலை கொடுத்து வாங்கி.

எந்த வளைவில் எத்தனை பேர், எத்தனை பாரிகேடு என்று பந்தோபஸ்துத் திட்டம் எழுதுகிற அதிகாரிகள் அதே தாளில் இன்னொரு வரியும் எழுதட்டும்: மதியச் சாப்பாடு, ஒரு மணி. வராவிட்டால் யார் பொறுப்பு என்று பக்கத்திலேயே ஒரு பெயரும்.